வேறு ஆட்டோ பிடிப்பதுதானே!

என் மனைவிக்கு டிரைவர் என்றால் ஆட்டோ ஓட்டுகிறவர்தான். அந்தக் காலத்தில் அலுவலகத்திலிருந்து ராத்திரி பத்து மணிக்கு வந்து, "டிரைவர் தகராறு, அதான் லேட்" என்பேன். "வேறு ஆட்டோ பிடிப்பதுதானே" என்பாள். சிரிப்பேன். ஆனால் டேட்டாபேஸ் டிரைவரைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

1990களின் தொடக்கம். எங்கள் அலுவலகத்தின் வருங்கால வைப்புநிதிக் கணக்கெல்லாம் ஒரு சின்ன கம்பெனி எழுதிக் கொடுத்த புரோகிராமில் இருந்தது. தகவலை அவர்களுக்கு மட்டுமே தெரிந்த வடிவத்தில் சேமித்திருந்தார்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள். பிறகு எங்கள் கம்ப்யூட்டர் படுத்தது. புது மெஷினில் அந்தப் புரோகிராம் ஓட மறுத்தது. பேக்கப் ஃபிளாப்பிகள் பத்திரமாக இருந்தன. படிக்கத்தான் வழியில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஊழியர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் மனைவி திங்கட்கிழமைதோறும் வருவார். "இன்னும் கம்ப்யூட்டர்ல வரலையா சார்?" என்று கேட்பார். அவர் கணவரின் பணம் முழுக்க என் மேஜை டிராயரில் ஃபிளாப்பியாக இருந்தது. கடைசியில் பழைய லெட்ஜர்களை எடுத்து, பதினோரு வருஷக் கணக்கைக் கையால் போட்டோம். நாலு மாதம் ஆயிற்று.

இதற்கான மருந்து அப்போதே தயாராகிக்கொண்டிருந்தது. எஸ்கியூஎல் ஆக்சஸ் குரூப் என்று பல டேட்டாபேஸ் கம்பெனிகள் சேர்ந்த குழு ஒரு பொது இணைப்பு முறையை வகுத்தது. அதை அடிப்படையாக வைத்து மைக்ரோசாஃப்ட் 1992ல் ஓடிபிசியைக் கொண்டுவந்தது. 1995ல் அந்தப் பொது முறை ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. விஷயம் எளிது. புரோகிராம் எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்கும்: இணை, கேள், அடுத்த வரியைக் கொடு. அதை அந்தந்த டேட்டாபேஸுக்குப் புரியும்படி சொல்வது டிரைவரின் வேலை. டேட்டாபேஸ் மாறினால் டிரைவரை மாற்றினால் போதும். வேறு ஆட்டோ! 1997ல் ஜாவாக்காரர்களும் ஜேடிபிசி என்று தங்களுக்கு ஒன்று செய்துகொண்டார்கள்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் பிறகு ஃபாக்ஸ்புரோவிலிருந்து ஆரக்கிளுக்கு மாறியபோது, இணைப்பு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. ஆனால் அவுட்டர் ஜாயினுக்கு அன்றைய ஆரக்கிளில் அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் குறி போட வேண்டும். தேதி எழுதும் முறையும் வேறு. ரிப்போர்ட்டுகளைத் திருத்த மூன்று வாரம் பிடித்தது. (தேதிக்கு ஓடிபிசியிலேயே ஒரு பொது வடிவம் இருந்ததாம். கையேட்டை முழுசாகப் படித்திருந்தால்தானே!) அதனாலென்ன? நாலு மாதத்துக்கு மூன்று வாரம் தேவலை.

என் மருமகன், "இப்போதான் ஓப்பன் சோர்ஸ் இருக்கே மாமா, அப்புறம் என்ன?" என்கிறார். இரண்டும் ஒன்றல்ல. ஆரக்கிளின் மூல நிரலை நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் வேண்டாம். அதனுடன் பேசும் முறை எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால் எனக்குப் போதும். ஓடிபிசி எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஓப்பன் சோர்ஸுக்கு அன்று பேர்போன இடமா அது? ஆனாலும் முறை வெளியில் இருந்ததால் லினக்ஸ்காரர்கள் யூனிக்ஸ்ஓடிபிசி என்று தாங்களே ஒன்று எழுதிக்கொண்டார்கள்.

சமீபத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள் விற்க ஒரு தம்பி வந்தார். மொபைலில் எல்லாம் பளபளவென்று இருந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "உங்களை விட்டுப் போனால், எங்கள் கணக்கை எப்படி எடுப்பது தம்பி?"

"பிடிஎஃப் தருவோம் சார்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செயலாளருக்கு என் மேல் கோபம். இப்போதைக்கு நோட்டில்தான் எழுதுகிறோம்.