வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

மழை நாளில் பேரங்காடி வாசலில் ‘தரை ஈரமாக உள்ளது’ என்ற மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்துவிட்டாலே கடையின் கடமை முடிந்துவிடுமா? வாடிக்கையாளர் விழுந்துவிட்டாலே கடை இழப்பீடு தர வேண்டுமா? இரண்டுக்கும் சட்டம் தரும் பதில் ‘இல்லை’.

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஆங்கில வழக்கு உதவும். 1974ல் இங்கிலாந்தின் டெஸ்கோ பேரங்காடி ஒன்றில், தரையில் சிந்திக் கிடந்த யோகர்ட்டில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். அது எவ்வளவு நேரம் அங்கே கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. தினமும் ஐந்தாறு முறை தரையைப் பெருக்குவதாகக் கடை கூறியது. ஆனால், மூன்று வாரங்களுக்குப் பிறகு அதே கடையில் சிந்திய ஆரஞ்சுப் பானம் கால் மணி நேரம் துடைக்கப்படாமல் கிடந்ததைத் தாம் கண்டதாக அந்தப் பெண் சாட்சியம் அளித்தார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. துப்புரவு முறை சரியாக இருந்தது என்பதைக் கடைதான் விளக்க வேண்டும் என்றது. இழப்பீடு 137.50 பவுண்டுதான். ஆனால் மூன்று நீதிபதிகளில் ஒருவர் உடன்படவில்லை. சில விநாடிகளுக்கு முன்புதான் யோகர்ட் சிந்தியிருந்தால் கடை என்ன செய்திருக்க முடியும் என்பது அவரது வாதம். அதுவும் நியாயமான கேள்விதான்.

சிங்கப்பூரில் முன்பு, ஓர் இடத்துக்கு வந்தவர் அழைக்கப்பட்டவரா, அனுமதி பெற்றவரா, அத்துமீறி நுழைந்தவரா எனத் தரம் பிரித்துப் பார்த்தார்கள். 2013ல் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பொதுவான கவனக்குறைவுச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. ‘நியாயமான கவனம்’ எடுத்துக்கொள்ளப்பட்டதா என்பதே இப்போது முக்கியக் கேள்வி.

‘காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற அறிவிப்பும் கடையைக் காப்பாற்றாது. தன் கவனக்குறைவால் ஏற்படும் காயத்துக்கான பொறுப்பை ஒரு வணிகம் அறிவிப்பால் தட்டிக்கழிக்க, நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் இடம் தருவதில்லை. அதேவேளையில், கைப்பேசியைப் பார்த்தபடி நடந்து விழுந்தவரின் இழப்பீட்டை நீதிமன்றம் குறைக்கலாம்.

விழுந்தவருக்குச் சான்று திரட்டுவதுதான் கடினம். துப்புரவுப் பதிவும் கேமரா காட்சியும் கடையிடமே இருக்கும். எனவே உடனே படம் எடுங்கள், மேலாளரிடம் சம்பவத்தைப் பதிவு செய்யுங்கள், மருத்துவரைப் பாருங்கள். வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

நம்மில் பலர் விடுமுறையில் கடைகளில் பகுதிநேர வேலை பார்க்கிறோம். தரை துடைத்த நேரத்தை எழுதிக் கையெழுத்திடும் தாள் பலருக்கு வெறும் சடங்கு. என் பார்வையில், பலகையைவிட அந்தத் தாளுக்கே மதிப்பு அதிகம். துடைக்காமலே அதில் கையெழுத்திட்டால், விழுந்தவருக்கு உரிய நியாயத்தை நாமே மறைத்தவர்கள் ஆவோம்.