கமா பிசகினால் கேம் ஓடாது

1980களில் பிரித்தானியாவின் அஸ்போர்ன் பதிப்பகம் சிறுவர்களுக்கு கம்பியூட்டர் கேம்களைப் புத்தகமாக விற்றது. பேசிக் மொழியில் அச்சிட்ட வரிகளைப் பார்த்துப் பார்த்து வீட்டுக் கம்பியூட்டரில் தட்ட வேணும். ஸ்பெக்ட்ரமுக்கு எந்த வரி மாறும், பிபிசி மைக்ரோவுக்கு எது என்று வரிகளுக்குப் பக்கத்தில் சின்னக் குறிகள். ஒரு கமா பிசகினாலும் ஓடாது. பிழையைத் தேடித் தேடித்தான் கனபேர் புரோகிராமிங் படிச்சவை. (படத்தில் இருக்கிற பயங்கர ரோபோ திரையில் வெறும் எழுத்தாகத்தான் வரும், அது வேற கதை.)

இப்ப எங்கட போனில் ஓடுற கேமுக்குள்ள என்ன நடக்குதெண்டு எங்களுக்குத் தெரியாது. திறந்து பாக்கவும் விடமாட்டாங்கள். இதை வளர்ச்சி எண்டு ஒத்துக்கொள்ள எங்களால ஏலாது. 2016இல் அந்தப் பழைய புத்தகங்கள் சிலவற்றை அஸ்போர்ன் இணையத்தில் இலவசமாகவே தந்தது. ஒண்டை இறக்கி, ஒருக்கா தட்டிப் பாப்பம்.