தோற்ற திருத்தங்களும் பேசும்: காயிதே மில்லத்தின் மன்ற வாழ்வு தரும் பாடம்

1962 பொதுத்தேர்தலில் பேரறிஞர் அண்ணா தன் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றார். அதே தேர்தலில், திருநெல்வேலி பேட்டையில் பிறந்த ஒரு தமிழர், மலையாளம் பேசும் மக்கள் வாழும் மஞ்சேரியில் வென்று மக்களவைக்குச் சென்றார். அவர்தான் கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். கிராமங்கள் நிறைந்த அந்தத் தொகுதி 1967, 1971 தேர்தல்களிலும் அவரையே தேர்ந்தெடுத்தது. 1972 ஏப்ரலில் மறையும்போதும் அவர் மஞ்சேரியின் உறுப்பினர்தான்.

1946 முதல் 1952 வரை சென்னை சட்டமன்றம், இடையில் அரசியல் நிர்ணய சபை, 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை, பிறகு பத்தாண்டுகள் மக்களவை என நீண்டது அவரது மன்ற வாழ்வு. இத்தனை காலத்தில் அவர் எதைச் சாதித்தார் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஏனெனில் அரசியல் நிர்ணய சபையில் அவர் கொண்டுவந்த முக்கியமான திருத்தங்கள் தோற்றன. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என்ற அவரது கோரிக்கையையும் 1949 மே மாதத்தில் சபை ஏற்கவில்லை.

ஆனால் தோல்வியோடு கதை முடிந்துவிடவில்லை. 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. தனக்கென தனியார் சட்டம் உள்ள எந்தச் சமூகமும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எனினும், விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் பொருந்துவதாக அச்சட்டத்தை வருங்கால நாடாளுமன்றம் தொடங்கலாம் என்று பதிலளித்தார். எதிர்க்குரல் எழுந்ததால்தான் அந்த விளக்கம் அவைக்குறிப்பில் ஏறியது. பொது சிவில் சட்டம் பற்றிய இன்றைய வாதங்களிலும் அது எடுத்துக்காட்டப்படுகிறது.

உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதில் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. ஒரு சமூகத்தின் வழக்கத்துக்கு மதிப்பளித்து விலக்கு தரலாம் என்பதை அச்சட்டமே ஒப்புக்கொள்கிறது. எந்தச் சமூகமும் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று 1948ல் அவர் கேட்டதும் அந்த மதிப்பைத்தான்.

அவர் தன் சமூகத்துக்காக மட்டும் பேசியவரல்லர். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கும் திராவிட மொழிகளுக்கும்தான் முதலிடம் என்று அதே சபையில் வாதிட்டார். மொழியுரிமைக்காக நின்ற அண்ணாவும் அவரும் 1967ல் ஓரணியில் நின்றதற்கு இத்தகைய புரிதலும் துணைநின்றது.

தேர்தல் வரும்போதெல்லாம் கூட்டணியில் நமக்கு எத்தனை இடம் என்றே பேசிக்கொள்கிறோம். இடங்கள் தேவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிடைத்த இடத்தில் அமர்ந்தவர் எத்தனை விவாதங்களில் பேசினார், எத்தனை திருத்தங்கள் கொடுத்தார், பிறர் உரிமைக்கும் குரல் கொடுத்தாரா என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்? அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காயிதே மில்லத்தின் உரைகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.