ஆள் குறைந்த நிலம் வெற்று நிலம் அல்ல

ராணுவத்தில் இருந்தபோது வடக்கு சிக்கிமில் லாச்சென், தாங்கு பக்கம் பணியாற்றினேன். தாங்குவைத் தாண்டினால் மரம் கிடையாது. பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுப்போன கல்மண் மேடுகள்தான். நிலவியலில் மொரைன் என்பார்கள். வீட்டளவு பாறையும் மாவாக அரைபட்ட மண்ணும் தரம்பிரியாமல் கலந்து கிடக்கும். வெயில் ஏறினால் கல் தானாக உருளத் தொடங்கும். நண்பகலுக்குப் பிறகு அந்த மேடுகளின் அடியில் நடக்க மாட்டோம். பல மேடுகளுக்குள் இன்னும் பனிக்கட்டி இருக்கிறது. அது உருகினால் பிடிமானம் போய்விடும்.

தெற்கு லோனாக் ஏரிக்கு அப்படிப்பட்ட மேடுதான் கரை. 5,200 மீட்டர் உயரத்தில், பனிப்பாறை உருக உருகப் பெருத்த ஏரி அது. 2023 அக்டோபர் 3 இரவு, பக்கவாட்டு மேடு ஒன்று சரிந்து ஏரிக்குள் விழுந்தது. எழுந்த அலை கரையை உடைத்தது. 60 கிலோமீட்டருக்கும் அப்பால், கீழே சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் டீஸ்டா-3 நீர்மின் திட்டத்தின் அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நூறு பேருக்கு மேல். ராணுவ வீரர்களும் அவர்களில் உண்டு.

இது எதிர்பாராததல்ல. 2016-லேயே குழாய் போட்டு ஏரி நீரை இறக்கப் பார்த்தார்கள். 2021-ல் ஆய்வாளர்கள் சுங்தாங்குக்கு வரக்கூடிய ஆபத்தைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆனாலும் 2025 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு, அதே இடத்தில் 118 மீட்டர் உயரக் கான்கிரீட் அணைக்குப் பரிந்துரை செய்தது. பழைய அணை 60 மீட்டர்தான்.

2011 கணக்கெடுப்பில் வடக்கு சிக்கிமில் சதுர கிலோமீட்டருக்கு 10 பேர். அந்த எண்ணைப் பார்த்துத்தான் டெல்லிக்குத் துணிச்சல் வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் ஆள் குறைவு என்றால் கேட்க ஆளில்லை என்று பொருளல்ல. லாச்செனில் ஊர்க்காரியம் எதுவானாலும் ட்சும்சா என்ற ஊர்ச்சபை கூடி, பிப்போன் என்ற ஊர்த்தலைவர் தலைமையில்தான் முடிவெடுக்கும். வடக்கு சிக்கிமிலேயே உள்ள ட்சோங்குவின் லெப்சா மக்கள் 2007-லேயே டீஸ்டா அணைகளை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவர்கள். மேலும், டீஸ்டா சிக்கிமோடு முடிகிற ஆறல்ல. சிங்தாம், ரங்போ, ஜல்பாய்குரி வழியாக வங்கதேசத்துக்குப் போகிறது. மேலே ஆள் குறைவு. கீழே லட்சக்கணக்கில் குடியிருக்கிறார்கள்.

மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. லோனாக் ஏரிக்கரை மேடுகளின் இன்றைய நிலையை அளந்து வெளியிடுங்கள். இரவிலும் வேலை செய்யும் எச்சரிக்கைக் கருவிகளை நிறுவுங்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சுங்தாங்கிலேயே நடத்துங்கள். அதுவரை அங்கே ஒரு மூட்டை சிமென்டும் இறங்கக் கூடாது.