பெலிகோவை விட்டுவிடுங்கள்

ரஷ்ய இலக்கியத்தில் ஆசிரியர் என்றதும் நம் நண்பர்கள் செகாவின் ‘உறைக்குள் மனிதன்’ (1898) கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். வெயில் நாளிலும் ரப்பர் மேற்காலணியும் குடையுமாக வரும் கிரேக்க ஆசிரியர் பெலிகோவ். தடை விதிக்கும் சுற்றறிக்கை மட்டுமே அவனுக்குத் தெளிவாக விளங்கும். அவனைக் கண்டு ஒரு சிரிப்பு, அதிகார மனநிலை பற்றி இரண்டு வாக்கியம், அத்தோடு கதை முடிந்தது. இந்த வாசிப்பு பிழையானது மட்டுமல்ல, வசதியானதும்கூட என்பேன்.

பெத்ரோவ், யெகோரவ் என்ற இரு மாணவர்களை நினைவிருக்கிறதா? பெரும்பாலோருக்கு இராது. பெலிகோவின் பெருமூச்சையும் முனகலையும் தாங்கமாட்டாமல், அவர்களுடைய நடத்தை மதிப்பெண்ணைக் குறைத்து, அடைத்து வைத்து, இறுதியில் பள்ளியை விட்டே நீக்குகிறார்கள். நீக்கியது யார்? பெலிகோவ் அல்லன், அவனுக்கு அந்த அதிகாரமே இல்லை. நீக்கியவர்கள் சக ஆசிரியர்கள். அவர்கள் துர்கேனிவையும் ஷெத்ரினையும் படித்து வளர்ந்த, சிந்திக்கத் தெரிந்த, பண்பான மனிதர்கள் என்று கதைசொல்லியான பூர்கினே சொல்கிறான். அவனும் அதே பள்ளியின் ஆசிரியன்தான். பதினைந்து ஆண்டுகள் அடங்கிக் கிடந்தவன், பெலிகோவ் புதைக்கப்பட்டபின் ஓர் இரவில் களஞ்சியத்தில் அமர்ந்து அதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறான். செகாவ் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அவனைத்தான். அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகுமுன்பே வாழ்க்கை பழையபடி ஆகிவிட்டது என்பதும் அவன் வாய்மொழியே.

கிரேக்கத் தேர்வில் தோற்று ஒரு வகுப்பை மீண்டும் படித்த செகாவ் தன் ஆசிரியர்களைப் பழிதீர்த்துக்கொண்டார் என்று ஒரு சாரார் சொல்வதுண்டு. இது அவரைச் சிறுமைப்படுத்தும் பேச்சு. மெலிஹோவோவில் வாழ்ந்தபோது சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிகளைக் கட்ட முன்னின்றவர் அவர். முந்தைய ஆண்டில் எழுதிய ‘வண்டியில்’ கதையின் மரியா வசீலியெவ்னாவைப் பாருங்கள்: பதின்மூன்று ஆண்டு ஆசிரியப் பணி, விறகுக் கவலை, பிள்ளைகளை அடிக்கும் காவலாள், முறையிட்டாலும் செவிகொடுக்க ஆளில்லை. அங்கே கேலியே கிடையாது. ஆசிரியரை வெறுத்தவர் எழுதக்கூடிய கதையா அது?

ஆகவே செகாவின் கேள்வி ஆசிரியர் நல்லவரா கெட்டவரா என்பதன்று. நல்லவர்கள் கூடியிருந்த ஓர் அறையில் இரண்டு சிறுவர்கள் எப்படிப் பலியானார்கள் என்பதே. அதற்கு அவர் தரும் விடை, இலக்கிய வாசகர்களான நமக்கு உவப்பானதன்று: துர்கேனிவைப் படித்திருந்தது அந்தச் சிறுவர்களைக் காப்பாற்றவில்லை.

இருபதாண்டுகளாகப் பாடம் நடத்தும் நானும் இக்கதையை வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்தவன்தான். சொல்லும்போதெல்லாம் பூர்கினின் இடத்தில்தான் நின்றிருக்கிறேன் என்பது வெகுகாலம் எனக்கு உறைக்கவில்லை. பெலிகோவ் செத்துவிட்டான். அவனை விட்டுவிடுங்கள். கையெழுத்திட்டவர்களைப் பற்றிப் பேசுவோம்.