குளத்து மீனும் தூண்டிற்காரரும்

மாரி மழைக்குக் குளம் நிரம்பியதும் மீன்குஞ்சு விடுவது இன்று எமது கிராமங்கள் பலவற்றில் வழக்கமாகியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் குஞ்சு விட்ட மறுநாளே குளக்கட்டில் எவரும் தூண்டில் போடக்கூடாதென்று சில இடங்களில் கட்டளை பிறக்கிறது. அது பெரும்பாலும் இடம்பெயர்ந்து வந்து குளத்தருகே குடியிருக்கும் குடும்பங்களையே பாதிப்பது எமக்குச் சரியாகப் படவில்லை.

200 ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. அன்றாடப் பராமரிப்பு கமக்காரர் அமைப்பின் கையில். குளத்தின் கீழ் வயல் உள்ளவருக்கு அங்கே குரல் உண்டு. வயலை வேறெங்கோ விட்டுவந்தவருக்கு இல்லை. அவருடைய ஊரிலும் ஒரு குளம் இருந்தது; அதன் துருசைத் திறந்து தண்ணீர் கட்டியவர்தான் அவரும்.

அமைப்பினரின் நியாயத்தையும் கேட்க வேண்டும். குஞ்சுகளுக்குச் செலவு உண்டு. கட்லா, ரோகு, புற்கெண்டை ஆகியன எமது குளங்களில் தாமாகப் பெருகுவதில்லை. பிடித்தால் மீண்டும் விடவேண்டும். 1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தி, 1994இலேயே மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் குளங்களில் தாக்குப்பிடித்தது திலாப்பியாவே.

இந்தத் திலாப்பியாதான் தூண்டிலிலும் அதிகம் அகப்படுவது. கட்லா மேல்நீரில் உள்ள நுண்ணிய உயிர்களை வடித்து உண்பது; நாக்கிளிப் புழுவைத் தேடி வருவது குறைவு. பூவரசந் தடியில் தங்கூசி கட்டிப் புழுவையோ பிசைந்த கோதுமை மாவையோ குத்திப் போட்டால் வருவது திலாப்பியா, கெளுத்தி, வாய்ப்பிருந்தால் விரால். (எம்மவர் சிலர் திலாப்பியாவை ஜப்பான் மீன் என்பர். அது ஆபிரிக்க மீன். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது.) திலாப்பியா தானே பெருகும். பிடிக்காமல் விட்டால் நெருக்கத்தில் சிறுத்தும் போகும். விராலோ விட்ட குஞ்சுகளையே விழுங்குவது. இவற்றைப் பிடித்துக் கறிச்சட்டிக்குக் கொண்டுபோகும் தாயைக் குளக்கட்டிலிருந்து விரட்டுவதால் கமக்காரருக்கு என்ன லாபம்? இரவில் சிறுகண் வலை இழுப்பவரை அல்லவா தடுக்க வேண்டும்!

குஞ்சு விட்ட முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குத் தூண்டிலும் ஓய்ந்திருக்கட்டும். அதன்பின் வீட்டுத் தேவைக்குத் தூண்டில் போட எல்லோருக்கும் இடமிருக்கட்டும், விற்பனைக்கு வேண்டாம். சிறிய ரோகு அகப்பட்டால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விடுவது தூண்டிற்காரரின் கடமை. இதை இடம்பெயர்ந்த குடும்பங்களே முன்வந்து ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். ஆடி, ஆவணியில் குளம் வற்றி வலை இழுக்கும்போது, இழுக்க இறங்குபவருக்கு வயல் இருக்கிறதா என்று பாராமல் பங்கு கொடுக்க வேண்டும்.

இவற்றைப் பேச ஏற்ற இடம் காலபோகத்துக்கு முன் கூடும் கூட்டம். இடம்பெயர்ந்த குடும்பங்களில் இருந்தும் இருவரை, அவர்களில் ஒருவர் பெண்ணாக, அதற்கு அழைக்குமாறு கமக்காரர் அமைப்புகளைக் கேட்கிறோம். திகதியை அறிவித்தற் பலகையில் ஒட்டுவதோடு நில்லாமல், அவர்களுடைய குடிசைகளுக்கு ஆளனுப்பிச் சொல்லுங்கள்.