மீனுக்கும் வேண்டும் உப்பு!

வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் நாலைந்து வண்ண மீன்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழந்தைகள் முதலில் ஓடுவது அங்கேதான்.

சென்னை கொளத்தூர் வண்ண மீன்களுக்குப் பெயர் பெற்ற இடம். அங்கிருந்து பிளாஸ்டிக் பையில் பயணம் செய்து எத்தனையோ வீடுகளுக்கு மீன்கள் வந்து சேருகின்றன.

மீன் வந்ததும் வீட்டில் ஒரு யோசனை பிறக்கிறது. "நாம் குடிப்பது சுத்திகரித்த தண்ணீர். இந்த வாயில்லா ஜீவன் மட்டும் குழாய்த் தண்ணீரில் கிடக்க வேண்டுமா?" என்று அம்மா நினைக்கிறார். சமையல் அறையில் உள்ள ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரைப் பிடித்துத் தொட்டி நிறைய ஊற்றுகிறார்.

சில நாட்களில் மீன்கள் சோர்ந்து போகின்றன. ஒரு நாள் காலையில் செத்து மிதக்கின்றன. குழந்தை தேம்பித் தேம்பி அழுகிறது.

பாசத்தோடு செய்த காரியம் ஏன் இப்படி முடிந்தது?

சுத்தம் வேறு, சத்து வேறு

ஆர்.ஓ. இயந்திரம் மிக நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறது. அழுக்கு போகிறது. கிருமி போகிறது. அவற்றோடு கால்சியம், மக்னீசியம் போன்ற தாது உப்புகளும் பெரும்பாலும் போய்விடுகின்றன.

மனிதர்களுக்குச் சோறு, கீரை, பால் வழியாக அந்தச் சத்துகள் வந்து சேரும். மீனின் நிலைமை வேறு.

நன்னீர் மீனின் உடம்பில் உள்ள உப்பு, அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் உள்ளதைவிட அதிகம். அதனால் தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உடம்புக்குள் ஊறுகிறது. மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. உப்பும் சிறிது சிறிதாக வெளியே போகிறது. போன உப்பைச் செவுள்கள் தண்ணீரிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரிலேயே உப்பு இல்லாவிட்டால் எதை இழுப்பது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. மீன் கழிவால் தொட்டித் தண்ணீர் நாளடைவில் அமிலத் தன்மை அடையும். அதைத் தடுத்து நிறுத்துபவை தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட் உப்புகள். அந்தக் காவல் இல்லாவிட்டால் தண்ணீரின் தன்மை திடீரென்று மாறிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது?

நகரத்துக் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும். தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஓரிரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் குளோரினை முறிக்கும் மருந்து மீன் கடையில் கிடைக்கும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் மிகவும் கரிக்கிறதா? அப்போதுதான் ஆர்.ஓ. தண்ணீர் உதவும். இரண்டையும் கலந்து ஊற்றலாம். கப்பி, மோலி போன்ற மீன்கள் உப்புச் சத்துள்ள தண்ணீரில் நன்றாக வளரும். அமேசான் ஆற்றுப் பக்கத்து நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்னீரை விரும்பும். அவற்றுக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கூடுதலாகக் கலக்கலாம். ஆனால் அவற்றுக்கும் கொஞ்சம் தாது உப்பு வேண்டும்.

தண்ணீரை ஒரேயடியாக மாற்றக் கூடாது. வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்கு, அதற்கும் அதிகமான தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் ஊரில், மீனுக்கு உதவாத தண்ணீருக்காக நல்ல தண்ணீரை வீணாக்கலாமா?

ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டு வந்தால், நமக்கு எது நல்லது என்று பார்த்தால் போதாது. அதற்கு எது நல்லது என்று கேட்டறிய வேண்டும். அன்போடு அறிவும் சேர வேண்டும். கண்ணாடித் தொட்டி குழந்தைகளுக்குக் கற்றுத் தரும் பாடம் அதுதான். பெரியவர்களும் அதைக் கற்றுக்கொண்டால் மீன்கள் பிழைக்கும்!